கோயில் கொடையில் வாசிக்க லட்ச ரூபாய் கிடார் எதற்கு?

தூத்துக்குடியில் கிடாரும் கீபோர்டும் பழுது பார்க்கிறேன். ஆடி பிறந்துவிட்டால் ஒரு பக்கம் அம்மன் கோயில் கொடை விழாக்கள், இன்னொரு பக்கம் பனிமய மாதா திருவிழா, நடுவில் வரவேற்பு நிகழ்ச்சிகள் என்று ஊரில் வாசிக்கிற பிள்ளைகள் எல்லாரும் கடைக்கு வந்துபோவார்கள். இந்த வருடம் வந்தவர்களைப் பார்த்து மனசு பொறுக்காமல்தான் எழுதுகிறேன்.

ஒரு பையன். செல்போன் கடையில் வேலை, ஞாயிற்றுக்கிழமை கோயில் பாடகர் குழுவில் வாசிக்கிறான், மாதத்தில் ஒன்றிரண்டு நிகழ்ச்சி கிடைக்கும். நிகழ்ச்சிக்கு ஆயிரம், மிஞ்சிப்போனால் ஆயிரத்து ஐந்நூறு. அவனிடம் இருந்த பத்தாயிரம் ரூபாய் கிடாரைப் பார்த்து யாரோ “இதை வச்சுக்கிட்டு மேடை ஏறுனா மரியாதை இருக்காது தம்பி” என்று சொல்லியிருக்கிறார்கள். தவணையில் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே வெளிநாட்டுக் கிடார் ஒன்றை எடுத்துவிட்டான். சில வாரம் போனதும் அதையும் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறான். “அண்ணே, இதுலயும் அதே கரகரப்புதான் வருது.”

பின்பக்கம் பேட்டரி மூடியைத் திறந்து மீட்டரை வைத்தேன். ஒன்பது வோல்ட் பேட்டரி ஐந்தரையில் நிற்கிறது. வீட்டில் வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றாமல் அப்படியே சாத்தி வைத்துவிடுவானாம். கேபிளின் ஜாக் உள்ளே இருக்கிறவரைக்கும், கிடாருக்குள் சத்தத்தைக் கூட்டி அனுப்புகிற ப்ரீஆம்ப் ஓடிக்கொண்டே இருக்கும், பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும். பழைய கிடாரையும் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். அதிலும் பேட்டரி காலி. கம்பி துருப்பிடித்துக் கறுத்துப் போயிருந்தது. கேபிளின் ஜாக்குக்குள் ஒரு ஒயர் பற்றவைப்பு விட்டுத் தொங்கியது. எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிகிற வேலை. அந்தப் பிள்ளை இன்னும் ஒன்றரை வருடம் தவணை கட்ட வேண்டும்.

இவன் ஒருத்தன் என்றால் விட்டுவிடுவேன். மாதம் தவறாமல் இப்படி ஒருவர் வருகிறார்.

விலை கூடினால் சத்தம் கூடும் என்ற நினைப்பை முதலில் விடுங்கள். நம் ஊர் மேடையில் கிடாரின் சத்தம் கேட்கிறவர் காதுக்கு எப்படிப் போகிறது என்று யோசித்துப் பாருங்கள். கிடாரில் கம்பிகள் உட்கார்ந்திருக்கிற சேடிலுக்கு அடியில் ஒரு பட்டைபோல பிக்கப் இருக்கிறது. அது கம்பியின் அழுத்தத்தை எடுத்து அனுப்புகிறது. விலை உயர்ந்த கிடாரின் பெருமையே அதன் மரப்பெட்டிக்குள் புரண்டு வெளியே வருகிற சத்தம்தான். அந்தச் சத்தத்தை இந்தப் பிக்கப் பெரும்பாலும் எடுப்பதே இல்லை. அங்கிருந்து கேபிள், மிக்சர், ஆம்ப், கடைசியில் ஸ்பீக்கர். கொடையில் இன்னமும் பல ஊர்களில் மரத்திலும் கம்பத்திலும் குழாய் ஸ்பீக்கர்தான் கட்டுகிறார்கள். கிடாரின் தடித்த கம்பி ஏறத்தாழ 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. குழாய் ஸ்பீக்கர் அவ்வளவு கீழே இறங்கவே இறங்காது. ஐந்தாயிரம் ரூபாய் கிடாரானாலும் ஐந்து லட்சம் ரூபாய் கிடாரானாலும் அந்தக் குழாயில் அந்த அடிநாதம் வராது. மண்டபத்தில் பெரிய பாக்ஸ் வைத்திருந்தாலும் எதிரொலி, சாப்பாட்டுப் பந்தியின் பேச்சு, ரிதம் பேட், கீபோர்டு எல்லாம் சேர்ந்த பிறகு கிடாரின் மரம் எந்த நாட்டு மரம் என்று கண்டுபிடிக்க யாராலும் முடியாது. வாசிக்கிறவனாலேயே முடியாது.

நான் சொன்னால் “நீங்க சின்னக் கடை, அப்படித்தான் சொல்வீங்க” என்கிறார்கள். சரி, கிளாடியா ஃபிரிட்ஸ் என்ற ஆய்வாளரும் ஜோசப் கர்ட்டின் என்ற வயலின் செய்பவரும் சேர்ந்து செய்ததைச் சொல்கிறேன். 2010-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் 21 வயலின் கலைஞர்களுக்கு வெல்டிங் செய்கிறவர்கள் போடுவதைப்போன்ற கறுப்புக் கண்ணாடி மாட்டி, ஸ்ட்ராடிவாரி போன்ற பழைய இத்தாலிய வயலின்களையும் புதிதாகச் செய்தவற்றையும் வாசிக்க வைத்தார்கள். பழையவை கோடிக்கணக்கில் விலை. கலைஞர்களில் பெரும்பாலோர் விரும்பி எடுத்தது புதிய வயலினைத்தான். முடிவை 2012-இல் வெளியிட்டார்கள். அப்புறம் பாரிஸ் பக்கத்தில் பத்துத் தனிக்கலைஞர்களை வைத்துச் செய்த சோதனையிலும் கிட்டத்தட்ட அதே கதைதான். அந்தப் புதிய வயலின்களும் தேர்ந்த கைகள் செய்தவை, மலிவுச் சரக்கு இல்லை. ஆனால் உலகத் தரத்துக் காதுகளே பெயரும் விலையும் தெரியாமல் வாசிக்கும்போது விலையைப் பின்பற்றிப் போகவில்லை. பந்தியில் உட்கார்ந்து ரசம் ஊற்றச் சொல்கிறவரா போகப் போகிறார்?

இதற்காக மூவாயிரம் ரூபாய் கிடாரை வாங்கச் சொல்லவில்லை. பொம்மைக் கடையிலும் ஆன்லைனிலும் கலர் கலராக விற்கிறார்களே, அதைக் குழந்தைக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள். கழுத்தில் குறுக்காகப் பதித்த உலோகக் கோடான ஃபிரெட் சரியான இடத்தில் இருக்காது, சுருதி நிற்காது, கம்பி அவ்வளவு உயரத்தில் நிற்பதால் விரல் புண்ணாகிப் பிள்ளை ஒரே மாதத்தில் வாசிப்பையே விட்டுவிடும். பத்தாயிரம், பதினைந்தாயிரத்தில் தெரிந்த கம்பெனிக் கிடார் போதும். கீபோர்டு என்றால் 61 கட்டை, அழுத்தத்துக்கு ஏற்றபடி சத்தம் கூடிக் குறைகிற டச் ரெஸ்பான்ஸ், இரண்டும் இருந்தால் கோயிலுக்கும் மண்டபத்துக்கும் தாராளம். வாசிப்பே தொழில், ஸ்டுடியோவில் ரெக்கார்டிங் என்று போகிறவர்கள் வாங்கட்டும். அவர்களுக்கு அது முதலீடு.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இன்னொரு விஷயம், இதை எந்த விற்பனையாளரும் சொல்ல மாட்டார். விலை உயர்ந்த அகூஸ்டிக் கிடார் என்றால் பெரும்பாலும் முழுக்க முழுக்க ஒட்டுப் போடாத முழு மரப் பலகை. அதற்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம்தான் ஒத்துக்கொள்ளும். நம் ஊர்க் காற்றில் அது எங்கே கிடைக்கும்? பலகை ஈரத்தைக் குடித்து வயிறு தள்ளும், கம்பி மேலே ஏறும். அதே கிடாரை ஏசி ரூமில் வைத்துவிட்டு மத்தியானம் வெளியே எடுத்துப்போய், வெயிலில் நிற்கிற காருக்குள் வைத்தால் பசை இளகி, கம்பிகளைப் பிடித்து நிற்கிற பிரிட்ஜ் என்ற மரத்துண்டு தூக்கிக்கொள்ளும். பத்தாயிரம் ரூபாய் கிடாரில் இருப்பது ஒட்டுப்பலகை. கச்சேரிக் காதுக்கு அது கொஞ்சம் மட்டம்தான். ஆனால் வேனில் போட்டு, பந்தலில் சாத்தி, இரவு பனியில் வாசித்துத் திரும்பக் கொண்டுவர அதுதான் தாங்கும்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

முதலில் செட்டப், அதாவது கம்பியின் உயரத்தைச் சரிசெய்வது. பன்னிரண்டாவது ஃபிரெட்டில் தடித்த கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே இரண்டரை மில்லிமீட்டர் அளவில் இடைவெளி இருந்தால் கை வலிக்காது. நிறைய பேர் கிடாரில் நாலு மில்லிமீட்டர் இருக்கும். “கிடாரே சரியில்ல” என்று சொல்லி விற்றுவிட்டு அடுத்ததை வாங்குகிறார்கள். சேடிலை இழைத்து, கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் படிகிற நட்டின் பள்ளத்தைச் சரிசெய்து, கழுத்துக்குள் ஓடுகிற ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியைக் கொஞ்சம் திருகினால் அதே கிடார் வேறு கிடாராகிவிடும். வீடியோ பார்த்துக்கொண்டு நீங்களே ஆலன் கீ வைத்து ட்ரஸ் ராடைத் திருகாதீர்கள். கால் சுற்றுக்கு மேல் திருகி மரையையே உடைத்துக்கொண்டு வருகிறார்கள். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

கம்பியை மாற்றுங்கள். உப்புக் காற்று ஒரு மாதத்தில் தின்றுவிடும். வாசித்து முடித்ததும் பழைய காட்டன் துணியால் ஒவ்வொரு கம்பியையும் துடையுங்கள். மேடைக்குப் போகும்போது ஒரு செட் கம்பி, ஒரு பேட்டரி, ஒரு கேபிள் பையில் உபரியாக இருக்கட்டும்.

நீளக் கேபிளை இழுக்காதீர்கள். மேடையிலிருந்து மிக்சர் வரைக்கும் சாதாரண கிடார் கேபிளையே ஓட்டினால் மேல்ஸ்தாயி மங்கும், ஜெனரேட்டர் இரைச்சலும் சேர்ந்து வரும். கிடார் சத்தத்தை நீள ஒயரில் இரைச்சல் சேராமல் அனுப்புகிற டி.ஐ. பாக்ஸ் ஒன்றை வாங்கிப் பக்கத்தில் வையுங்கள். சவுண்ட் சர்வீஸ் அண்ணன் உங்களை அடுத்த முறை பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

கீபோர்டுக்காரர்களே, அடுத்தவர் அடாப்டரை வாங்கிச் சொருகாதீர்கள். யமஹாவில் நடுமுனை பிளஸ். பழைய கேசியோ பலவற்றில் நடுமுனை மைனஸ். பின் சரியாக நுழைகிறது என்பதற்காகச் சொருகி போர்டைக் கருக்கிக்கொண்டு வருகிறீர்கள். அடாப்டர் மேல் சின்ன வட்டமும் கோடுமாகப் படம் போட்டிருக்கும், பாருங்கள்.

இனிச் சொல்வது சத்தத்தைப் பற்றியது இல்லை, உயிரைப் பற்றியது. மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை வெட்டிவிட்டு இரண்டு பின் ஆக்கி வைத்திருக்கிறீர்களே, ஏன்? “ஹம் வருதுண்ணே” என்று இரைச்சலைக் காரணம் சொல்கிறீர்கள். கிடார் கம்பியைத் தொட்டுக்கொண்டே வாயை மைக்கில் வைக்கும்போது, கிடார் ஆம்ப் ஒரு லைனிலும் மைக் வேறு லைனிலும் இருந்து எர்த் சரியில்லாமல் போனால் மின்சாரம் உங்கள் வழியாகத்தான் ஓடும். 1972-இல் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீயில் லெஸ் ஹார்வி என்ற கிடார் கலைஞர் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்துபோனார். கொடையில் ஈரத் தரையில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிற நமக்கு ஆபத்து இன்னும் அதிகம். சீக்கிரமே போங்கள், மைக்கின் வலைமேல் டெஸ்டரை வைத்துப் பாருங்கள். விளக்கு எரிந்தால் வாசிக்க மாட்டேன் என்று சொல்லுங்கள். கமிட்டி கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

பெற்றவர்களிடமும் பாட்டு வாத்தியார்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை ஆசையாகக் கேட்கிறது என்று நகையை வைத்து வாங்கித் தராதீர்கள். “இது இருந்தால்தான் என்னிடம் படிக்கலாம்” என்று கம்பெனி பெயரைச் சொல்லி ஒரு வாத்தியார் அனுப்பினால், வேறு வாத்தியாரைப் பாருங்கள். மீதி இருக்கிற பணத்தில் ஆறு மாதம் பாடம் படிக்கலாம். தாளம் தப்பாமல் வாசிக்கிறவனைத்தான் குழுக்காரர்கள் மறுபடி கூப்பிடுகிறார்கள்.

மாற்றியே ஆகவேண்டும் என்றால் பழையதாகப் பாருங்கள். பாதி விலையில் நல்ல கிடார் ஊரில் கிடைக்கிறது. தலைப்பக்கத்திலிருந்து கழுத்தை ஒரு கண்ணால் நேராகப் பாருங்கள், முறுக்கு இருந்தால் வேண்டாம். பிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு தாளை நுழைத்துப் பாருங்கள், உள்ளே போனால் பசை விட்டிருக்கிறது. பன்னிரண்டாவது ஃபிரெட்டை அழுத்தி மீட்டுங்கள், திறந்த கம்பியின் அதே சுரம் மேல்ஸ்தாயியில் சரியாக விழவேண்டும். எல்லா ஃபிரெட்டையும் ஒவ்வொன்றாக அழுத்தி விர்ரென்று அடிக்கிறதா பாருங்கள். இதெல்லாம் தெரியவில்லை என்றால் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அரை நாள் போகும், போகட்டும்.