படுக்கைப்புண்ணுக்கு இங்கிலாந்தில் யாரிடம் கேட்பது, எங்கே ஏமாறாமல் இருப்பது

ஈஸ்ட்ஹாமில் ஒரு வீடு. பக்கவாதம் வந்து படுக்கையோடு இருக்கும் அம்மா. வீட்டுக்கு வந்து பராமரிக்கும் கேரர்கள் எழுதும் கொப்பியில் ஒன்பது நாளாக ஒரே வரி: “தோலைப் பார்த்தோம், சிவப்பு இல்லை.” பத்தாம் நாள் மகள் உடம்பு துடைக்கும்போது வால் எலும்பின் மேல் ஐம்பது பென்ஸ் காசு அளவுக்குத் தோல் கழன்று கிடந்தது. அந்தக் கேரர்கள் பொய் எழுதவில்லை. சிவப்பு அவர்களுக்கு உண்மையாகவே தெரியவில்லை. ஏனென்றால் எங்கள் கறுத்த தோலில் அது எளிதில் தெரியாது.

ஆகவே சிவப்பைத் தேடாதீர்கள். சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ ஊதா சாயலிலோ ஓர் இடம் இருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். புறங்கையை வைத்துப் பாருங்கள்: அந்த இடம் மட்டும் சூடாகவோ குளிர்ந்தோ இருக்கும். அமுக்கினால் இறுக்கமாகவோ கொழகொழவென்றோ இருக்கும். வால் எலும்பு, குதிக்கால், இடுப்பெலும்பு, இந்த மூன்றையும் தினமும் பார்க்க வேண்டும். “அதிலே நோகுது” என்று அம்மா சொன்னால் அதுவே போதுமான அடையாளம். எண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள்; அன்பாகச் செய்வதுதான், ஆனால் நைந்த தோலை அது இன்னும் கிழிக்கும். புண் நாறினாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ அன்றைக்கே ஜீபியை (குடும்ப டாக்டரை) அல்லது என்.எச்.எஸ்ஸின் 111 எண்ணைக் கூப்பிடுங்கள். ஆள் திடீரென்று குழம்பிப் பேசினால் அவசர எண் 999.

சரி, உதவி யார் தருவது? குளிப்பாட்ட, உடை மாற்ற, திருப்பிப் படுக்க வைக்க ஆள் தருவது கவுன்சில். அதற்குக் காசு கேட்கலாம். புண்ணைப் பார்த்து மருந்து கட்டுவது வீட்டுக்கே வரும் என்.எச்.எஸ் டிஸ்ட்ரிக்ட் நேர்ஸ், அது இலவசம். உடம்பின் மேல் அழுத்தத்தைக் குறைக்கும் காற்று மெத்தையும் இலவசமாக இரவல் தருவார்கள். சட்டம் இவ்வளவுதான். அலைச்சல் எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

கவுன்சிலுக்கு ஃபோன் செய்தால் பல இடங்களில் முதல் கேள்வியே “சேமிப்பு எவ்வளவு?” என்பதுதான். 23,250 பவுண்டுக்கு மேல் என்றதும் “அப்போ நீங்களே ஆள் பிடியுங்கள்” என்று வைத்துவிடுவார்கள். அது தவறு. 2014 கேர் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, காசு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தேவையை மதிப்பீடு செய்தே ஆக வேண்டும். காசுக் கணக்கு அதற்குப் பிறகுதான். அம்மா வீட்டிலேயே இருந்து பராமரிப்புப் பெறும்போது அவர் இருக்கும் வீட்டைக் கணக்கில் சேர்க்க முடியாது. மகனின் சம்பளத்தையும் கேட்க முடியாது.

டிஸ்ட்ரிக்ட் நேர்ஸ் விஷயத்தில் பொறி வேறு. வீட்டை விட்டு வெளியே போக முடியாதவர்களுக்குத்தான் பெரும்பாலும் வருவார்கள். “வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவாரா?” என்று பேச்சோடு பேச்சாகக் கேட்பார்கள். நாங்களும் பெருமையாக “ஓம், வீல்செயாரில் கூட்டிப் போவோம்” என்போம். அடுத்த நாள் “கிளினிக்குக்கு வரச் சொல்லுங்கள்” என்று பதில் வரும். பொய் சொல்லச் சொல்லவில்லை. இரண்டு பேர் தூக்கி, டாக்சி பிடித்து, அரை மணிக்கு மேல் புண்ணின் மேல் இருத்தி வைத்துத்தான் கூட்டிப் போகிறோம் என்ற முழுக் கதையையும் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது, அதுவும் வெள்ளி பின்னேரம், “மெத்தை திங்கட்கிழமை வரும்” என்பார்கள். மூன்று இரவு சாதாரண மெத்தையில் கிடந்தால் என்ன ஆகும் என்று நான் கண்ணால் கண்டிருக்கிறேன். மெத்தை வீட்டுக்கு வந்து சேரும்வரை கூட்டிப் போக ஒத்துக்கொள்ளாதீர்கள். வந்த பிறகு, பம்பில் அம்மாவின் நிறை சரியாகப் போட்டிருக்கிறதா, காற்றுக் குழாய் கட்டிலில் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மெத்தைக்கு மேல் போர்வையை நாலாக மடித்துப் போட்டால் அந்த மெத்தையால் பயன் இல்லை.

எனக்கு மிகவும் கோபம் வரும் இடம் இரவு. புண் வரும் ஆபத்து அதிகம் உள்ளவரை நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது நிலை மாற்ற வேண்டும் என்று மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பின் 2014 வழிகாட்டி சொல்கிறது. கவுன்சில் தருவது பெரும்பாலும் பகலில் நாலு வருகை. கடைசி ஆள் இரவு எட்டுக்குப் போனால், அடுத்த ஆள் காலை ஏழுக்கு. நடுவில் பதினொரு மணி நேரம். யார் திருப்புவது? மகள்தான், அலாரம் வைத்து எழும்பி. மதிப்பீட்டுக்கு வரும் அதிகாரி “இரவில்?” என்று கேட்பார். “நான் பார்த்துக்கொள்வேன்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு வாக்கியத்தில் இரவுத் தேவையே தாளிலிருந்து மறைந்துபோகும். குடும்பம் செய்வதைக் கழிக்காமல்தான் தேவையை அளக்க வேண்டும் என்பது விதி. “அம்மாவை இரவில் மூன்று தடவை திருப்ப வேண்டும், இப்போது வேறு ஆள் இல்லாததால் நான் செய்கிறேன்” என்று சொல்லி, அப்படியே எழுதவும் வையுங்கள். பராமரிக்கும் குடும்பத்தவர் என்ற முறையில் உங்களுக்கென்று தனியாகக் கேரர் மதிப்பீடும் கேளுங்கள். அது 10ஆம் பிரிவு தரும் உரிமை.

அரச ஓய்வூதிய வயதைத் தாண்டியவர் என்றால் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் கேளுங்கள். சேமிப்பைப் பார்க்காமல் தரும் காசு. இரவில் திருப்பிப் படுக்க வைப்பதும் இதில் கணக்கு, அதனால் எத்தனை தடவை, எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். படிவத்தை ஃபோனில் கேட்டு எடுங்கள். ஆறு வாரத்துக்குள் நிரப்பி அனுப்பினால் ஃபோன் செய்த நாளிலிருந்து காசு வரும். இணையத்தில் இறக்கினால் படிவம் போய்ச் சேர்ந்த நாளிலிருந்துதான்.

புண் ஆழமாகி, வேறு வருத்தங்களும் சேர்ந்தால், என்.எச்.எஸ் கன்டினியூயிங் ஹெல்த்கேர் கேளுங்கள். கிடைத்தால் பராமரிப்புச் செலவு முழுவதும் என்.எச்.எஸ் பொறுப்பு, சேமிப்பைக் கேட்கவே மாட்டார்கள். அதற்கான மதிப்பீட்டில் தோலுக்குத் தனித் தலைப்பு உண்டு. இங்கேயும் ஒரு பொறி: நீங்கள் நன்றாகப் பார்த்ததால் புண் ஆறிவர, “இப்போது பிரச்சினை இல்லையே” என்று குறைத்துப் போடுவார்கள். நன்றாகக் கவனிக்கப்படும் தேவையும் தேவைதான் என்று அவர்களுடைய தேசிய வழிகாட்டியே சொல்கிறது. அதைச் சொல்லிக் காட்டுங்கள்.

கேர் ஹோமில் போன பிறகு மூன்றாம் நிலை (ஆழமான புண்) அல்லது அதற்கு மேற்பட்ட புண் வந்தால், அவர்கள் பராமரிப்பு நிலையங்களைக் கண்காணிக்கும் சி.கியூ.சிக்கு அறிவித்தே ஆக வேண்டும். எந்த நிலை என்று நேர்ஸிடம் எழுத்தில் வாங்குங்கள். அக்கறையின்மையால் வந்தது என்று தோன்றினால் கவுன்சிலின் சேஃப்கார்டிங் (பாதுகாப்பு) பிரிவுக்கு நீங்களே சொல்லலாம். யாருடைய அனுமதியும் வேண்டாம். திகதியோடு ஒரு படம் எடுத்து வையுங்கள், பக்கத்தில் ஒரு காசை வைத்து. பேசக் கஷ்டமென்றால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், என்.எச்.எஸ் அதற்குக் காசு கேட்காது. பள்ளிக்கூடம் போகும் பேரப்பிள்ளையை அந்த வேலைக்கு இருத்தாதீர்கள்.