‘போவார்’ எல்லாம் ‘வில்’ ஆகாது

திருகோணமலையில் சாதாரண தர மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் எனக்கு, சிம்பிள் ஃபியூச்சர் என்னும் எதிர்காலப் பாடத்தைத் தொடங்கும் ஒவ்வோர் ஆண்டும் ஒரே தவறு பல கொப்பிகளில் தென்படுகிறது. ‘அப்பா ஒவ்வொரு நாளும் கடலுக்குப் போவார்’ என்று மனத்தில் எண்ணிய பிள்ளை, ‘மை ஃபாதர் வில் கோ டு த சீ எவ்ரி டே’ என்று எழுதிவிடுகிறது. இதைக் கவனக்குறைவு என்று சிவப்பு மையால் வெட்டுவது நியாயமன்று. பிள்ளை தாய்மொழி இலக்கணத்தைச் சரியாகப் பின்பற்றியதால் வந்த தவறு இது.

தமிழில் ‘வருவார்’ என்னும் வினைமுற்று நாளை நடக்கவிருப்பதையும் நாள்தோறும் நடப்பதையும் குறிக்கும். ‘2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் முன் தாத்தா பாதையில் (ஆட்களை ஏற்றிச்செல்லும் மிதவைப் படகில்) ஏறித்தான் பட்டினத்துக்கு வருவார்’ என்னும்போது, முடிந்துபோன வழக்கத்தையும் அதுவே குறிக்கிறது. ஆங்கிலம் இவற்றை ‘வில் கம்’, ‘கம்ஸ்’, ‘யூஸ்ட் டு கம்’ என்று பிரித்து வைத்திருக்கிறது. ஆகவே ‘வார், பார் என்று முடிந்தால் வில் போடு’ என்று வீட்டில் சொல்லிக்கொடுக்கும் பெற்றோர், அன்புடன்தான் என்றாலும், பிள்ளையைத் தவறான வழியில் விடுகிறார்கள்.

‘நீங்கள் வரும்போது தருவேன்’ என்பதிலும் இதே இடறல் உண்டு. ‘வரும்’ என்பதைக் கண்டதும் ‘வென் யூ வில் கம்’ என்று எழுதத் தோன்றும். ஆனால் காலத்தைக் காட்டும் ‘வென்’ பகுதியில் நிகழ்காலமே வர வேண்டும் என்பதால், ‘ஐ வில் கிவ் இட் வென் யூ கம்’ என்பதே சரியாகும். ‘இஃப்’ என்பதற்கும் பெரும்பாலும் இதுவே விதி. ‘ஷீ வில் கோஸ்’, ‘வில் டு கோ’ போன்ற பிழைகள் சில நாள் பயிற்சியில் மறைந்துவிடும். அவற்றுக்காக நான் அதிகம் கவலைப்படுவதில்லை.

‘மாட்டேன்’ என்ற சொல் மட்டும் நமக்குத் துணை நிற்கிறது. மறுப்பும் எதிர்காலமும் அதில் சேர்ந்திருப்பதைப் போலவே ‘வோன்ட்’ என்பதிலும் சேர்ந்திருப்பதால், பிள்ளைகள் அதை விரைவில் பிடித்துக்கொள்கிறார்கள்.

என் வகுப்பில் மொழிபெயர்ப்புக்கு முன் ஒரு கேள்வியை எழுதச் சொல்கிறேன்: இது வழமையாக நடப்பதா, இனிமேல் நடக்கப்போவதா? ‘கொழும்பு ரயில் இரவில் புறப்படும்’, ‘நாளை நான் அந்த ரயிலில் வரமாட்டேன்’ என்னும் இரண்டையும் அருகருகே வைத்தால், முதலாவதற்கு ‘லீவ்ஸ்’, இரண்டாவதற்கு ‘வோன்ட் கம்’ என்று பிள்ளைகளே பிரித்து எழுதிவிடுகிறார்கள்.