ஆட்டுப்பட்டிக்குள் புகுந்த 'மர்ம விலங்கு': ஒரு கால்நடை மருத்துவரின் குறிப்புகள்

நாளிதழ்களின் மாவட்டச் செய்திப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்கு ஒரு விலங்கு நன்றாகப் பழகியிருக்கும். 'மர்ம விலங்கு' என்று அதற்குப் பெயர். ராத்திரியில் பட்டிக்குள் புகும், ஆடுகளின் கழுத்தைக் கடிக்கும், ரத்தத்தைக் குடிக்கும், விடிவதற்குள் போய்விடும். நேரில் பார்த்தவர் யாரென்று கேட்டால் பக்கத்து ஊரைக் கை காட்டுவார்கள். கால்நடை மருத்துவர் என்ற முறையில், இந்த விலங்கு வந்துபோன பட்டிகள் பலவற்றில் உட்கார்ந்து செத்த ஆடுகளை அறுத்துப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலான இடங்களில் வந்தது தெருநாய்க் கூட்டம்தான். பகலில் டீக்கடை வாசலில் பொரைக்கு வாலாட்டும் அதே நாய்கள்.

இதைச் சொன்னால் ஆட்டுக்காரருக்குப் பிடிக்காது. அதற்கு நியாயமும் உண்டு. காட்டு விலங்கு அடித்தால் வனத்துறை நிவாரணம் தரும். நாய் கடித்தால் நீண்ட காலம் ஒன்றும் கிடையாது. காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பக்கம் விவசாயிகள் செத்த ஆடுகளை வைத்துக்கொண்டு போராடிய பிறகுதான், 2025இல் நாய்க்கடி இழப்புக்கும் இழப்பீடு என்று அரசு அறிவித்தது. அதற்கு முன்பெல்லாம் 'நாய்' என்று எழுதினால் அந்தக் குடும்பத்துக்கு ஒரு பைசா வராது என்று தெரிந்தேதான் சான்றிதழ் எழுத வேண்டியிருந்தது. 'சிறுத்தைன்னு போட்டுருங்க சார்' என்று கெஞ்சுபவரைத் திட்ட மனசு வராது. ஆனாலும் அப்படி எழுத முடியாது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

பட்டிக்குப் போனவுடன் எந்த ஆட்டுக்கு எந்த இடத்தில் கடி என்று பார்ப்பேன். நாய்கள் ஓடுகிற ஆட்டைப் பின்னாலிருந்து பிடிக்கும். அதனால் பின்னந்தொடை, மடி, வால், விலா, காது என்று கண்ட இடத்தில் கடி இருக்கும், தோல் கிழிந்து தொங்கும். ஒன்றைச் சாய்த்துவிட்டுத் தின்ன உட்காராது, அடுத்ததைத் துரத்தும். தப்ப வழியில்லாத ஆடுகள் ஒரு மூலையில் போய் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, அடியில் கிடப்பவை மூச்சு முட்டியே செத்துவிடுவதும் உண்டு. அவற்றின் உடம்பில் ஒரு பல் தடம்கூட இருக்காது. 'காயமே இல்லாம கொன்னிருக்கு சார்' என்று கதை கிளம்புவது பெரும்பாலும் இங்கேதான்.

சிறுத்தை வேறு மாதிரி. குரல்வளையையோ பிடரியையோ கவ்வும், விடாமல் அழுத்திப் பிடிக்கும், ஆட்டின் மூச்சு நின்றபிறகு ஒதுக்குப்புறமாக இழுத்துக்கொண்டு போகும். மண்ணில் இழுத்த தடம் இருக்கும். அடைத்த பட்டிக்குள் மாட்டிக்கொண்டால் சிறுத்தையும் பல ஆடுகளைக் கொன்றுவிடும் என்பதால், எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவுக்கு வர மாட்டோம். கோரைப்பற்களுக்கு இடையே உள்ள தூரத்தை அளப்போம். அதுவும் துணைச் சாட்சிதான், ஏனென்றால் பெரிய நாயின் அளவும் சின்னச் சிறுத்தையின் அளவும் ஒட்டி வந்துவிடும்.

கழுத்தில் வெளியே பார்த்தால் இரண்டு சின்ன ஓட்டைதான் தெரியும். மயிரை மழித்துத் தோலை உரித்தால் உள்ளே தசை நசுங்கி, கருஞ்சிவப்பாக ரத்தம் கட்டியிருக்கும். உயிரோடு இருக்கும்போது பட்ட கடிக்கு மட்டும்தான் இப்படி ரத்தம் கட்டும். செத்தபிறகு நரியோ வேறு நாயோ வந்து கடித்த இடம் வெளிறிக் கிடக்கும். கொன்றது எது, மிச்சத்தைத் தின்ன வந்தது எது என்று பிரித்துப் பார்க்க இதைவிட நம்பகமான வழி பட்டியில் வேறு இல்லை. சுற்றி நிற்பவர்களைக் கூப்பிட்டு இதைக் காட்டுவது என் வழக்கம்.

அப்புறம் அந்த ரத்தம். 'ஒரு சொட்டு ரத்தம் இல்ல, மொத்தமா உறிஞ்சிருச்சு' என்ற பேச்சு எல்லாப் பட்டியிலும் உண்டு. இதயம் நின்றதும் ரத்தம் ஓடுவது நின்று, உடம்பு எந்தப் பக்கம் தரையில் கிடக்கிறதோ அந்தப் பக்கம் இறங்கித் தேங்கி உறைந்துவிடும். விடிந்து வந்து மேல்பக்கம் கத்தியால் கீறிப் பார்த்தால் ரத்தம் வராது. நெஞ்சைத் திறந்து இதயத்தை அறுத்தால் உறைகட்டி வெளியே வரும். தொண்டை நெரிந்து செத்த ஆட்டுக்கு வெளியே ரத்தம் சிந்துவதே குறைவு. பாலூட்டிகளில் ரத்தத்தை மட்டுமே குடித்து வாழ்பவை மூன்று வகை வௌவால்கள்தான். அவையும் மெக்சிகோ முதல் தென் அமெரிக்கா வரை உள்ளவை, இங்கே கிடையாது.

இதே கதை அச்சு அசலாக அமெரிக்கக் கண்டத்திலும் ஓடியது. 1995இல் போர்ட்டோ ரிக்கோவில் ஆடுகளும் கோழிகளும் செத்துக் கிடக்க, ரத்தம் குடிக்கும் 'சுப்பகாப்ரா' வந்துவிட்டதாகத் தீவே அரண்டது. இரண்டு கால், பெரிய கண், முதுகில் முள் என்று நேரில் பார்த்ததாக ஒருவர் சொன்ன அடையாளம், அந்த வருடம் திரைக்கு வந்த ஆங்கிலப் படத்து வேற்றுக்கிரகப் பிராணியோடு பொருந்திப்போவதை பெஞ்சமின் ராட்ஃபோர்டு என்ற ஆய்வாளர் பின்னால் எடுத்துக் காட்டினார். டெக்சாஸ் பக்கம் வந்தபோது அதே சுப்பகாப்ரா நான்கு காலுக்கு மாறி, மயிரில்லாத சாம்பல் நிற நாய்போல் ஆகிவிட்டது. 2007இல் க்யூரோ என்ற ஊரில் செத்துக் கிடந்த ஒன்றை டெக்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் டி.என்.ஏ. பரிசோதனை செய்து பார்த்தார்கள். கயோட்டி என்று முடிவு வந்தது. நம் ஊர் நரிக்குச் சொந்தக்காரன்.

மயிர் எங்கே போனது? பல கயோட்டிகளில் அதற்குக் காரணம் சொறி. சார்கோப்டிஸ் என்ற கண்ணுக்குத் தெரியாத உண்ணி தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடும். அரிப்பு தாங்காமல் சொறிந்து சொறிந்து மயிர் மொத்தமும் உதிரும். தோல் தடித்து, மடிப்பு விழுந்து, சாம்பல் நிறமாகும். மயிர் போனதும் காது பெரிதாகத் தெரியும், வால் எலிவால்போல் ஆகிவிடும், உடம்பு இளைத்துப் பல் துருத்தும். கிட்டே போனால் ஒரு நாற்றம் அடிக்கும். தோலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், குட்டைக் கால்களோடு உருண்டையாக அந்த உண்ணி தெரியும். நரியோ மரநாயோ இந்த நிலைக்கு வந்துவிட்டால், தினமும் அதைப் பார்க்கிறவர்களுக்கே அடையாளம் தெரியாது. ஓடி இரை பிடிக்கத் தெம்பில்லாததால் ஊருக்குள் குப்பைமேட்டுக்கு வரும். நம் கண்ணில் படுவதும் அதனால்தான்.

நோய் இல்லாத விலங்குகளையே நாம் ஒழுங்காக அடையாளம் காண்பதில்லை என்பது வேறு கதை. 2017இல் விசாகப்பட்டினத்தில் ஒரு கட்டடத்தில் மூன்று 'ஏலியன்கள்' நிற்பதாக ஒரு வீடியோ நாடெல்லாம் சுற்றியது. அவை கூகைக் குஞ்சுகள். இறகு முளைக்காத கூகைக் குஞ்சு நிமிர்ந்து நின்று, இதய வடிவ முகத்தைத் திருப்பி உஸ்ஸென்று சீறினால் பயமாகத்தான் இருக்கும். பெரிதானதும் ஊர் எலிகளைப் பிடித்துத் தின்னப்போகிற பறவை அது, பாவம். நம் பக்கம் கரும்பு வெட்டும் சீசனில் 'சிறுத்தைக் குட்டி' என்று தூக்கிக்கொண்டு வருவது பெரும்பாலும் காட்டுப்பூனைக் குட்டி. எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிட்டு ஆள் நடமாட்டத்தை நிறுத்தினால், இருட்டியதும் தாய் வந்து கவ்விக்கொண்டு போக வாய்ப்பு அதிகம். செல்ஃபிக்காகக் கைமாற்றிக்கொண்டே இருந்தால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

வளர்ந்த காட்டுப்பூனை நான்கு முதல் எட்டு கிலோ வரை இருக்கும். டார்ச் வெளிச்சத்தில் இரண்டு கண் மினுங்கினால் அதுவே ஆளுயரச் சிறுத்தை ஆகிவிடும். இருட்டில் பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இல்லாததால் கண் அளவைப் பெருக்கிவிடுகிறது. பார்த்தவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. வால் எப்படி இருந்தது என்று மட்டும் கேட்பேன். காட்டுப்பூனையின் வால் குட்டை, நுனியில் கருவளையம் இருக்கும். சிறுத்தைக்கு உடம்பில் பூப்போட்ட புள்ளியும் நீண்ட வாலும். காலடித் தடத்தில் நகம் பதிந்திருந்தால் பெரும்பாலும் நாய்தான், பூனை இனங்கள் நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

தடம் பெரிதாக இருக்கிறதே என்பார்கள். ஈர மண்ணில் தடம் விரியும், பனியில் இன்னும் மோசம். 2019இல் நேபாள இமயமலையில் மகாலு மலையேற்ற முகாம் அருகே, 'யேட்டி' என்று சொல்லப்படும் பனிமனிதனின் காலடி, 32 அங்குல நீளம் என்று நம் ராணுவமே ட்வீட் போட்டது. முன்னங்கால் பதித்த இடத்திலேயே கரடி பின்னங்காலையும் வைக்கும்போது இரண்டும் சேர்ந்து நீளமான ஒரே தடமாகும், வெயிலில் பனி உருக அது இன்னும் பெரிதாகும். அதற்கு இரண்டு வருடம் முன்பே, பஃபலோ பல்கலைக்கழகத்தின் சார்லட் லிண்ட்க்விஸ்ட் குழு யேட்டியுடையது என்று பாதுகாத்து வைத்திருந்த எலும்பு, தோல், மயிர், பல் என்று 9 மாதிரிகளின் டி.என்.ஏ.வை ஆராய்ந்திருந்தது. 8 கரடி, 1 நாய். பெரிய பூனை போன்ற ஒரு மர்ம விலங்கு உலவுவதாகப் பேச்சிருந்த இங்கிலாந்தின் போட்மின் பகுதியில் 1995இல் ஆற்றில் கிடைத்த மண்டையோடு இதைவிடச் சுவாரசியம். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் அது உண்மையான சிறுத்தைதான் என்றது. கூடவே, மண்டைக்குள் வெப்பமண்டலக் கரப்பான்பூச்சியின் முட்டைக்கூடு இருந்ததையும், அது சிறுத்தைத்தோல் விரிப்பிலிருந்து வந்த தலை என்பதையும் கண்டுபிடித்தது.

அதற்காக, சிறுத்தை என்று யார் சொன்னாலும் சிரித்துவிட்டுப் போக முடியாது. 2022 ஜனவரியில் அவிநாசி அருகே சோளக்காட்டில் பதுங்கியது நிஜச் சிறுத்தைதான். சிலரைத் தாக்கியது, கடைசியில் திருப்பூரில் மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். 2024 ஏப்ரலில், மலையோ காடோ இல்லாத மயிலாடுதுறையில் சிசிடிவியில் பதிவானதும் சிறுத்தைதான். காட்டையே பார்க்காத டெல்டாவில் எப்படி என்று சிரித்தவர்கள் பிறகு வாயை மூடிக்கொண்டார்கள். கேமராவும் தடமும் சொன்னதால் நம்பினோம். அதற்குப் பிறகு வாட்ஸ்அப்பில் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றிச் சுற்றிய பழைய வீடியோக்களை நம்ப வேண்டியதில்லை. இப்போது ஏஐ படங்கள் வேறு.

சரி, நாய் என்று தெரிந்தும் சிறுத்தை என்றோ மர்ம விலங்கு என்றோ எழுதினால் என்ன கெட்டுவிடும் என்ற கேள்விக்கு வருகிறேன். நாய் என்று தெரிந்தால் அடுத்த கேள்வி உடனே வந்தாக வேண்டும்: அந்த நாய்க்கு வெறி பிடித்திருந்ததா? மர்ம விலங்கு என்று முடித்துவிட்டால் இதை யாரும் கேட்பதில்லை. ஊரே தடியோடு ராத்திரி காவல் காக்கும், அகப்பட்ட மரநாயை அடித்துக் கொல்லும். கடிபட்டுப் பிழைத்த ஆடுகள் மட்டும் எந்த ஊசியும் இல்லாமல் பட்டியில் நிற்கும். சில வாரம் கழித்து ஒரு ஆடு தீனி எடுக்காமல், எச்சில் ஒழுக்கி, ஓயாமல் கத்தும். தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று வாய்க்குள் கை விட்டுப் பார்க்கிற ஆட்டுக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். ரேபிஸ் வந்த ஆட்டின் எச்சிலிலும் அந்தக் கிருமி இருக்கும்.

அதனால் பட்டியில் இப்படி நடந்தால், செத்த ஆட்டை நகர்த்தாமல் மருத்துவருக்குச் சொல்லுங்கள். தடம் இருந்தால் அதன்மேல் ஒரு அன்னக்கூடையைக் கவிழ்த்து வையுங்கள். போட்டோ எடுக்கும்போது பக்கத்தில் ஒரு ஸ்கேலோ தீப்பெட்டியோ இருக்கட்டும். செத்ததைக் கறி போடவே கூடாது. பிழைத்த ஆட்டின் காயத்தைக் கையுறை போட்டுக்கொண்டு சோப்பும் ஓடுகிற தண்ணீரும் விட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிபட்ட அன்றைக்கே (0 நாள்) தொடங்கி 0, 3, 7, 14, 28ஆம் நாள் என்ற கணக்கில் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். முதல் ஊசி போட்டதும் ஆடு நன்றாக மேய்கிறதே என்று மீதியை விட்டுவிடுபவர்கள் நிறைய. கடிபட்ட ஆட்டை வெறுங்கையால் தூக்கிக் கழுவியவருக்குக் கையில் சின்ன வெட்டுக்காயம் இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய் விவரம் சொல்ல வேண்டும். ஊசி அங்கே இலவசம்தான்.