எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் ஓரத்து போல்ட் ஏன் முறிகிறது, எப்படி எடுப்பது?

காலையில் ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் பக்கம் 'டிக் டிக்' என்று சத்தம் வரும். வண்டி சூடானதும் அடங்கிவிடும். வால்வு சத்தம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். பழைய காரில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் (இன்ஜின் புகையை ஒன்றுசேர்த்து சைலன்சர் பக்கம் அனுப்பும் குழாய்த்தொகுதி) போல்ட் முறிந்து, அந்த இடுக்கில் புகை கசிந்தாலும் இதே சத்தம்தான் கேட்கும்.

முறிவது பெரும்பாலும் ஓரத்து போல்ட்தான். 40 செ.மீ. நீள வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு 500 டிகிரி சூடேறினால் 2 மி.மீ.க்கு மேல் நீளும். அது உட்காரும் அலுமினிய சிலிண்டர் ஹெட்டுக்குள் (இன்ஜினின் மேல்பகுதி) தண்ணீர் ஓடுவதால் 100 டிகிரியை ஒட்டியே இருக்கும், முக்கால் மி.மீ.தான் நீளும். இந்த வித்தியாசம் முழுவதும் இரண்டு முனைகளில் போய்ச் சேர்கிறது. மேனிஃபோல்டு வழுக்கி நகரத்தான் துளைகளைப் பெரிதாக வைக்கிறார்கள். துருவேறி அது நகராமல் போனால், ஒவ்வொரு முறை சூடாகிக் குளிரும்போதும் ஓரத்து போல்ட் வளைந்து நிமிரும். அப்படியே களைத்து முறியும்.

மரையில் மாட்டிய துண்டு ஏன் அசையாது? இரும்பு துருவானால் முன்னைவிட அதிக இடம் கேட்கும். மரைக்குள் இடமே இல்லாததால் அது ஆப்பு மாதிரி இறுகிவிடுகிறது.

என்னைக் கேட்டால் முதலில் வெல்டிங்தான். முறிந்த முனைமேல் வாஷரை வைத்து வெல்ட் செய்து, அதன்மேல் ஒரு நட்டை வைத்து வெல்ட் செய்ய வேண்டும். (முதலில் பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள்.) இரும்புக்கான வெல்ட் அலுமினியத்தில் ஒட்டாது. சூட்டில் போல்ட் விரிந்து சுற்றியுள்ள துருவை நொறுக்கும். ஆறும்போது சுருங்கி இடம்விடும். அப்புறம் துரு இளக்கும் எண்ணெய் விட்டு, ஸ்பேனரை முன்னும் பின்னுமாக மெதுவாக அசைத்தால் பல சமயம் கழன்று வந்துவிடும். அலுமினியத்தில் நேராக கேஸ் தீயைக் காட்டும்போது கவனம் தேவை: அது பழுக்காமலேயே உருகத் தொடங்கும்.

அதிலும் வரவில்லையா? முனையைச் சமமாக்கி, சரியாக நடுவில் பஞ்ச் அடித்து, சின்ன ட்ரில்லில் தொடங்க வேண்டும். இடது சுற்று ட்ரில் பிட் (போல்ட் கழலும் திசையில் சுற்றிக் குடைவது) இருந்தால் நல்லது. குடைகிறபோதே துண்டு கழன்று வரக்கூடும். மரைகளுக்கு இடையே 1.25 மி.மீ. இடைவெளி உள்ள 8 மி.மீ. போல்ட்டுக்கு 6.8 மி.மீ. ட்ரில் வரை போகலாம். நடு தப்பினால் ட்ரில் பிட் மென்மையான அலுமினியத்துக்குள் சறுக்கிவிடும். ஈஸி அவுட் (குடைந்த துளைக்குள் செருகி முறிந்த துண்டைத் திருப்பி எடுக்கும் கருவி) போட்டு பலமாகத் திருப்ப வேண்டாம் என்பேன். அது கடினமான, ஆனால் எளிதில் முறிகிற எஃகு. உள்ளே முறிந்தால் சாதாரண ட்ரில் பிட் அதைத் தொடவே தொடாது.

மரை கெட்டிருந்தால் ஹெலிகாயில் (புது மரையாக உள்ளே பொருத்தும் கம்பிச்சுருள்) போடலாம். மேனிஃபோல்டின் முகம் வளைந்திருந்தால் பட்டறையில் சீவிய பிறகே மாட்ட வேண்டும். புது போல்ட்டுகளை நடுவில் தொடங்கி ஓரம் நோக்கி இறுக்குங்கள். மரையில் ஆன்டி சீஸ் (போல்ட் இறுகிப் பிடிக்காமல் இருக்கப் பூசும் பசை) பூசினால் உராய்வு குறையும். அதனால் அதே டார்க்கில் (இறுக்கும் திருப்பு விசை) போல்ட் அதிகமாக இழுபடும். அளவைக் கொஞ்சம் குறைத்தே இறுக்க வேண்டும்.