சொல் விளக்கம்: ஷாரெட்

மொரிஷியஸில் கிரியோல் பேசுகிற யாரிடமும் 'சரெத்' என்று சொல்லிப் பாருங்கள், மாட்டுவண்டிதான் கண்முன் வரும். அறுவடைக் காலத்தில் கரும்பை ஆலைக்கு இழுத்துப்போன வண்டி. என் தாத்தா அதை ஓட்டியவர். மேட்டில் ஏறும்போது அச்சு முனகுகிற சத்தத்தை வைத்தே எவ்வளவு பாரம் இருக்கிறது என்று சொல்லிவிடுவார் என்பார்கள். அந்தச் சொல்லை நான் வீட்டுச் சொல்லாகவே நினைத்து வளர்ந்தேன். பிறகு ஒருநாள் கட்டடக் கலை படிக்கும் பழைய மாணவன் ஒருவன் வந்து, "சார், ஷாரெட் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?" என்று கேட்டான். "மாட்டுவண்டி" என்றேன். "இல்லை சார், இது ஆஸ்பத்திரி கட்டுவதற்கு முன்னால் நடத்தும் ஷாரெட்" என்றான்.

அவன் சொன்னது இதுதான். ஒரு புதிய மருத்துவமனைக்குக் கடைக்கால் தோண்டுவதற்கு வெகு முன்பே, டாக்டர், நர்ஸ், வார்டு உதவியாளர், துப்புரவுப் பணியாளர், நோயாளி, நோயாளியைப் பார்க்க வரும் உறவினர், கட்டடக் கலைஞர், பொறியாளர் எல்லாரும் ஒரே இடத்தில் சில நாட்கள் சேர்ந்து உட்காருவார்கள். பேசுவதோடு விடமாட்டார்கள். வரைவார்கள், அழிப்பார்கள், மறுபடி வரைவார்கள். முடியும்போது கையில் ஒரு வரைபடம் இருக்க வேண்டும். இதற்குப் பெயர் ஷாரெட்.

இரண்டும் ஒரே சொல்தான். இன்றைய பிரான்ஸ் பகுதியில் வாழ்ந்த பழைய கால்லியரின் 'கர்ரோஸ்', லத்தீனில் 'கர்ருஸ்' ஆனது. சக்கரம் வைத்த வண்டி என்று பொருள். பிரெஞ்சில் அது 'ஷார்'. அதன் சிறுமை வடிவம் 'ஷாரெத்', அதாவது சின்ன வண்டி. நம் தீவின் கிரியோல் அந்த ஷகரத்தைச் சகரமாக்கிக்கொண்டது. தமிழ் வாய்க்கு இது பழகிய வழிதானே! 'கார்' இந்தக் குடும்பம். வண்டியில் பாரம் ஏற்றுவது என்ற பொருளில் பிறந்த 'சார்ஜ்' இந்தக் குடும்பம். கல்யாண ஊர்வலத்துக்குத் தமிழ்நாட்டில் பூட்டும் 'சாரட்டு' வண்டியும் 'சாரியட்' வழியாக இதே குடும்பத்துக்கு வந்துசேர்கிறது. ஆக, வார்டைப் பார்த்துக்கொள்ளும் 'சார்ஜ் நர்ஸ்' பெயரிலேயே ஒரு வண்டிப் பாரம் இருக்கிறது.

வண்டி எப்படி வரைபடக் கூட்டம் ஆனது? அதற்குப் பாரிஸ் போக வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் அங்கே 'எக்கோல் தே போஸார்' என்ற கலைப்பள்ளியில் கட்டடக் கலை மாணவர்களுக்குக் கெடு வைத்து வரைபடம் கேட்பார்கள். கெடு முடியும் நேரத்தில் ஒரு தள்ளுவண்டி வரும், வரைபடங்களை அள்ளிக்கொண்டு போகும். வேலை முடியாத மாணவர்கள் வண்டியோடு வண்டியாகப் போய்க்கொண்டே கடைசிக் கோட்டை இழுப்பார்களாம். பள்ளிக்கூடத்துப் பேச்சில் அது 'வண்டியில் இருப்பது' என்றாயிற்று. இன்றும் பிரெஞ்சில் கெடு கழுத்தை நெரிக்கும்போது 'நாங்கள் ஷாரெத்' என்பார்கள். பின்னர் அமெரிக்க நகரமைப்பாளர்கள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு, ஊர்க்காரர்களையும் சேர்த்து உட்காரவைத்துக் குறுகிய நாட்களில் திட்டம் வரையும் கூட்டத்துக்கு வைத்தார்கள். அங்கிருந்து மருத்துவமனைத் துறைக்கு வந்தது.

இந்தப் பொருள் மாற்றத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கத் தோன்றுகிறது. பாரிஸ் வண்டியில் இருந்தது நேர நெருக்கடியும் ஒரு மாணவனின் தனி உழைப்பும். இன்றைய சொல்லில் நெருக்கடி மிஞ்சியிருக்கிறது, தனிமை போய்விட்டது. அந்த இடத்தில் கூட்டம் வந்து உட்கார்ந்திருக்கிறது. தமிழ்ச்சொல் தேடும்போது எதைப் பிடித்துக்கொள்வது என்பது இங்கேதான் முடிவாகிறது.

அதற்கு முன், மருத்துவமனைக்கு ஏன் இது இவ்வளவு தேவை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

போன வருஷம் என் பெரியம்மா ஒரு வார்டில் சில நாட்கள் இருந்தார். பார்வை நேரத்தில் போவேன். 'தாந்த்' என்று நாங்கள் சொல்லும் பின்னல் பையில் சாப்பாட்டு டப்பா, துண்டு, மாற்றுப்புடவை. அந்தப் பையை வைக்க இடமில்லை. தரையில் வைத்தால் மருந்து வண்டி இடிக்கும். கட்டிலில் வைத்தால் பெரியம்மா காலை மடக்கிக்கொள்ள வேண்டும். சுற்றிலும் பார்த்தேன், எல்லாக் கட்டிலிலும் யாரோ ஒருவர் காலை மடக்கியிருந்தார். அப்புறம் கதவைக் கவனித்தேன். இரண்டு பக்கத்துக் கைப்பிடியையும் சேர்த்து, தாழ்நாக்கின் மேல் படும்படியாக ஒரு பாண்டேஜ் துணி இழுத்துக் கட்டியிருந்தது. எதற்கு என்று நர்ஸைக் கேட்டேன். "ராத்திரி ஒவ்வொரு தடவை சாத்தும்போதும் 'டக்' என்று அடிக்கிறது, தூங்குகிறவர்கள் எழுந்துவிடுகிறார்கள்" என்றார். துணி நைந்து நடுவில் பழுப்பேறியிருந்தது. பல மாதமாக யாரோ மாற்றி மாற்றிக் கட்டிவருகிறார்கள் என்று தெரிந்தது.

அந்தத் துணி ஒரு வடிவமைப்பு. கட்டடம் எழுந்த பிறகு, இரவுப் பணி பார்க்கும் ஒருவர் தன் கையால் செய்த திருத்தம். அதையே வரைபடம் காகிதத்தில் இருந்தபோது அவரிடம் கேட்டிருந்தால், சத்தம் போடாத தாழ் ஒன்றை எழுதிப்போட்டிருப்பார்கள். ஷாரெட் என்பது அந்தக் கேள்வியைக் காலத்தோடு கேட்பது.

படுத்திருப்பவருக்குத் தெரிவது நின்றுகொண்டு வரைபவருக்குத் தெரிவதில்லை. பின்லாந்தில் பைமியோ காசநோய் மருத்துவமனையை வடிவமைத்த அல்வார் ஆல்ட்டோ, அந்தச் சமயத்தில் தானே நோயில் படுத்திருந்ததாகச் சொல்லியிருக்கிறார். மேலே பார்த்தபடி கிடந்தவருக்குக் கூரை விளக்கு கண்ணைக் குத்தியது. 1933-ல் முடிந்த அந்தக் கட்டடத்தின் அறைகளில் விளக்கு, படுத்திருப்பவரின் பார்வைக்கு நேராக இல்லாமல் தள்ளி வைக்கப்பட்டது. கூரைக்கு மென்மையான நிறம். கைகழுவும் தொட்டிகூட, தண்ணீர் விழும் சத்தம் அடுத்த கட்டில்காரரை எழுப்பாதபடி சாய்த்து வார்க்கப்பட்டது. கட்டடக் கலைஞர் நோயாளியாகவும் இருந்தது அங்கே நேர்ந்த தற்செயல். தற்செயலை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க முடியாது, ஆகவே நோயாளியையே கூப்பிட வேண்டும்.

நம் தீவுக்கென்று இன்னொன்று உண்டு. புயல் எச்சரிக்கை நான்காம் நிலைக்குப் போனால் ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும். மருத்துவமனையில் பணியில் இருப்பவர்கள் அங்கேயேதான் இருப்பார்கள். எந்த ஜன்னல் வழியாகச் சாரல் அடிக்கும், எந்தக் கதவின் அடியில் தண்ணீர் நுழையும், கட்டில்களை எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்பதெல்லாம் அந்த இரவில் துடைப்பம் பிடித்தவருக்குத் தெரியும். எந்தக் கோப்பிலும் அது எழுதியிருக்காது.

கூட்டத்தில் வாயால் சொல்வது மட்டும் போதாது என்பதால் முழு அளவு மாதிரியும் செய்வதுண்டு. சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனை, பெல்வியூவில் 2010-ல் திறந்த சிகிச்சை மையத்துக்காக, பெரிய கிடங்கு ஒன்றில் அட்டைகளாலேயே அறைகளை நிஜ அளவில் நிறுத்திப் பார்த்தது. பணியாளர்களும் நோயாளிகளின் குடும்பத்தாரும் அந்த அட்டை அறைகளுக்குள் நடந்தார்கள். அட்டைச் சுவரை நகர்த்தக் கத்தியும் ஒட்டுநாடாவும் போதும். கான்கிரீட் சுவரை நகர்த்தும் செலவு வேறு. இவ்வளவு அட்டையெல்லாம் வேண்டாம் என்றால், பள்ளிக்கூட மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, உண்மையான கட்டிலையும் சக்கர நாற்காலியையும் அதற்குள் திருப்பிப் பார்க்கலாம். கதவு அகலம் போதுமா என்பது உடனே தெரிந்துவிடும்.

எது ஷாரெட் ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முடிந்துபோன வரைபடத்தைச் சுவரில் மாட்டி, பணியாளர்களை வரிசையாகக் கூப்பிட்டு, "பார்த்தாயிற்றா, சரி, கையெழுத்துப் போடுங்கள்" என்பது ஷாரெட் இல்லை. மூத்த மருத்துவர்கள் மட்டும் கூடுவதும் அந்தப் பெயருக்குப் பொருந்தாது. நம் ஊரில் இன்னொரு நிபந்தனை: பேச்சு கிரியோலில் நடக்க வேண்டும். மருத்துவமனைக் கோப்பு ஆங்கிலத்தில் இருக்கிறது, கூட்டத்தில் பெரியவர்கள் பிரெஞ்சுக்குத் தாவுகிறார்கள், மாப் வாளியைத் தள்ளுகிறவர் வாயை மூடிக்கொள்கிறார். அவர் வாய் திறக்காத கூட்டத்தில் பாதி அறிவு வீட்டுக்கே திரும்பிப் போய்விடும்.

இதைச் சொல்லும்போது போர்ட் லூயிஸ் துறைமுகம் நினைவுக்கு வருகிறது. 1740 வாக்கில் எழுந்த பழைய ராணுவ மருத்துவமனைக் கட்டடம் அங்கே இருக்கிறது. லாபூர்தொனே ஆளுநராக இருந்த அந்தக் காலத்தில் புதுச்சேரிப் பக்கத்துக் கொத்தர்களும் தச்சர்களும் இந்தத் தீவுக்கு வந்து வேலை செய்தார்கள். அருகிலேயே, இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தவர்கள் இறங்கிய ஆப்ரவாசி காட். 16 படி ஏறி வந்த ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கான மருத்துவப் பகுதியின் எச்சம் இன்னும் அங்கே தெரிகிறது. நம் முன்னோர் சுவர் எழுப்பினார்கள், அந்தச் சுவர்களுக்குள் நோயோடு படுத்தும் இருந்தார்கள். கோடு போடும் இடத்தில் அவர்கள் இல்லை.

சரி, தமிழ்ச்சொல்லுக்கு வருவோம்.

'பட்டறை' என்று பலர் எழுதுகிறார்கள். கவிதைப் பட்டறை, பயிற்சிப் பட்டறை என்று எல்லாவற்றுக்கும் போட்டுத் தேய்ந்த சொல். அங்கே ஒருவர் கற்பிப்பார், மற்றவர்கள் கற்பார்கள். 'கலந்தாய்வு' பேச்சோடு நின்றுவிடுகிறது, வரைபடம் பிறப்பதில்லை. 'கூட்டு வடிவமைப்பு' நல்ல சொல்தான், ஆனால் அது முழு முறைக்கும் பெயர். அந்த முறைக்குள் நடக்கும் சில நாள் நிகழ்வுக்குத் தனிப்பெயர் வேண்டும்.

பழைய தமிழில் கட்டடம் திட்டமிடுவதற்கு 'வகுத்தல்' என்பார்கள். நெடுநல்வாடையில் நூலறி புலவர்கள் நுண்ணிதாகக் கயிறு பிடித்து மன்னனுக்கு 'மனை வகுத்து'த் தருகிறார்கள். அருமையான வினை. ஆனால் அதன் பெயர்ச்சொல்லைப் பள்ளிக்கூடம் எடுத்துக்கொண்டுவிட்டது. 'கூட்டு வகுப்பு' என்றால் இரண்டு வாத்தியார் ஒரே வகுப்பில் பாடம் நடத்துவதாகத்தான் தோன்றும்.

'வரைவு' எனக்குப் பிடித்தது. கோடு இழுப்பது, எல்லை குறிப்பது, முதல் படி எழுதுவது எல்லாம் இதற்குள் வருகின்றன. அகப்பாட்டில் வரைவு என்றால் திருமணம். தலைவியை மணந்துகொள் என்று தோழி தலைவனை நெருக்குவதற்கு 'வரைவு கடாதல்' என்று பெயர். இரண்டு தரப்பும் கூடி ஒப்புக்கொண்டு முடிக்கிற காரியம் என்ற நிறம் சொல்லிலேயே இருக்கிறது. அதோடு 'கூடல்' சேர்த்தால் 'வரைவுக்கூடல்'. என் பரிந்துரை இதுதான். கெடுவின் அவசரம் இதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். வேண்டுமானால் 'மூன்று நாள் வரைவுக்கூடல்' என்று நாளைச் சேர்த்துச் சொல்லுங்கள். ஐரோப்பிய வண்டி போய்விட்டதே என்று வருந்துபவர்களுக்கு, ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும் என்ற நம் வழக்கு இருக்கிறது. சக்கரம் அங்கே பத்திரமாக உருள்கிறது.

இன்னும் ஒன்று. வரைவுக்கூடலுக்கு வருகிறவர்களைப் 'பயனாளிகள்' என்று எழுதாதீர்கள். உதவித்தொகை வாங்க வரிசையில் நிற்பவர் என்ற தொனி அதில் ஏறிவிட்டது. 'பங்குதாரர்' என்றால் கம்பெனியில் காசு போட்டவர். 'பயனர்' போதும். கணினித் தமிழில் பழகிய சொல். நோயாளிக்கும் உறவினருக்கும் சேர்த்தே பொருந்தும்.

இதையெல்லாம் எழுதுவதற்கு முன்னால், வார்டு உதவியாளராக இருக்கும் என் சித்தி மகளிடம் கேட்டேன். "அக்கா, புது ஆஸ்பத்திரிக்கு சரெத் நடத்துகிறார்கள், உன்னையும் கூப்பிட்டால் என்ன சொல்லுவாய்?" அவர் முதலில் கரும்பு வண்டியைத்தான் நினைத்தார். விளக்கிச் சொன்னதும் என் கையிலிருந்த தாளை வாங்கினார், பேனாவையும் வாங்கினார். கட்டிலுக்கு ஒரு செவ்வகம், கழிப்பறைக்கு ஒரு செவ்வகம். இரண்டுக்கும் நடுவே சுவரோரமாக ஒரு நீளக் கோடு இழுத்தார். "கைப்பிடிக் கம்பி. இங்கிருந்து அதுவரைக்கும், நடுவில் எங்கேயும் விடாமல்" என்றார். பேனாவைத் திருப்பிக் கொடுக்கவில்லை; தாளைத் திருப்பி அடுத்த பக்கத்தில் ஆரம்பித்தார்.