போனோ ப்ரீஆம்ப்: இசைத்தட்டு முன்பெருக்கி

இசைத்தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் இருக்கும் சிறு பெட்டிக்குப் போனோ ப்ரீஆம்ப் என்று பெயர். போனோ ஸ்டேஜ் என்று சொல்வதும் இதைத்தான். பழைய ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றிலும் இன்றைய டர்ன்டேபிள்கள் சிலவற்றிலும் இது உள்ளேயே அடங்கியிருக்கும்.

‘போனோ’வின் வேர் கிரேக்கச் சொல்லான ‘ஃபோனே’. குரல், ஒலி என்று பொருள். அதே வேரைத் தமிழ் தொலைபேசியில் ‘பேசி’ என்றும் மைக்ரோபோனைக் குறிக்கும் ஒலிவாங்கியில் ‘ஒலி’ என்றும் பெயர்த்திருக்கிறது. ஆனால் நம் பெட்டியில் இருக்கும் ‘போனோ’ நேரே கிரேக்கத்திலிருந்து வந்ததல்ல. 1877இல் எடிசன் உருவாக்கிய போனோகிராஃபின் பெயரில் இருந்து வெட்டி எடுத்த முன்பாதி. எடிசனின் கருவி உருளையில் ஒலியைப் பதிந்தது. தட்டையான வட்டில் பதியும் கிராமபோனுக்கு எமில் பெர்லினர் காப்புரிமை பெற்ற ஆண்டு 1887. பிரிட்டனில் கிராமபோன் என்ற பெயர் நிலைத்தது, தமிழும் அதையே எடுத்துக்கொண்டது. அமெரிக்கர்களோ வட்டு சுழலும் கருவியையும் போனோகிராஃப் என்றே அழைத்தார்கள். ஆகவே ஆம்ப்ளிஃபயரின் பின்புறத்தில் ‘போனோ’ என்று எழுதியிருந்தால் அதற்கு இசைத்தட்டு என்று பொருள். வேர்ச்சொல்லை மட்டும் பார்த்து ‘ஒலி முன்பெருக்கி’ என்று பெயர்ப்பது தவறு. ஒலிவாங்கிக்கும் முன்பெருக்கி உண்டு. அது வேறு கருவி.

‘ப்ரீ’ லத்தீனில் ‘முன்’. ‘ஆம்ப்’புக்கு அடியாக இருப்பது அகன்றது, பெரியது என்னும் பொருள் கொண்ட லத்தீன் சொல். இலங்கைப் பாடநூல்களின் ‘விரியலாக்கி’ இந்த அகலத்தை அழகாகப் பிடித்திருக்கிறது. ஆனாலும் எனக்குப் ‘பெருக்கி’யே பிடிக்கும். வெள்ளம் பெருகுவதற்கும் எண்ணை எண்ணால் பெருக்குவதற்கும் நம்மிடம் ஒரே வேர்தான், இந்தக் கருவி செய்வதும் அந்த இரண்டாவது வேலையைத்தான். ஊசியின் அசைவை மின் சமிக்ஞையாக மாற்றும் பகுதிக்குக் கார்ட்ரிட்ஜ் என்று பெயர். நகரும் காந்த வகை (எம்எம்) கார்ட்ரிட்ஜ் தருவது ஏறக்குறைய 5 மில்லிவோல்ட். அதை 40 டெசிபெல், அதாவது 100 மடங்கு பெருக்கினால் அரை வோல்ட் கிடைக்கும். நகரும் சுருள் வகை (எம்சி) பெரும்பாலும் அரை மில்லிவோல்ட்டோ அதற்கும் குறைவாகவோ தருவதால் 60 டெசிபெல், 1000 மடங்கு வேண்டியிருக்கும்.

இந்தப் பெயரில் எனக்கு ஒரு பெரிய குறை உண்டு. கருவியின் பாதி வேலையைத்தான் அது சொல்கிறது. இசைத்தட்டு வெட்டும்போது தாழ்ந்த சுரங்களை உள்ளபடியே பதிந்தால் பள்ளம் மிக அகலமாகிவிடும், தட்டில் கொள்ளும் நேரம் குறையும், ஊசியும் தடம் மாறக்கூடும். அதனால் தாழ்ந்த அதிர்வெண்களைக் குறைத்தும் உயர்ந்தவற்றைக் கூட்டியும் பதிகிறார்கள். கேட்கும்போது இதைத் தலைகீழாக்க வேண்டும். அப்போது உயர்ந்தவற்றோடு தட்டின் சரசரப்பும் சேர்ந்து அடங்கிவிடும். எவ்வளவு கூட்டுவது, எவ்வளவு குறைப்பது என்பதில் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபாடு இருந்தது. 1954இல் அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கமான ஆர்ஐஏஏவின் வளைவு வந்தபின் ஒரு பொது அளவு நிலைபெற்றது. அதன்படி முன்பெருக்கி 1000 ஹெர்ட்ஸை நடுவாகக் கொண்டு 20 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 19 டெசிபெல் உயர்த்துகிறது, 20,000 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 20 டெசிபெல் தாழ்த்துகிறது. இந்தச் சமன்செய்தல் இல்லாமல் வெறுமனே பெருக்கினால் இசை மெலிந்து, கீச்சென்று கேட்கும். டர்ன்டேபிளின் உள்முன்பெருக்கியை அணைக்காமல் ஆம்ப்ளிஃபயரின் போனோ வாயிலிலும் செருகினால் சமன்செய்தல் இருமுறை நடந்து, ஒலி கொழகொழத்து உடைந்துபோகும்.

‘சமன்பெருக்கி’ என்றால் இரண்டு வேலையும் பெயரில் வந்துவிடும். பொறியியல் கட்டுரைகளில் அப்படி எழுதலாம். பொதுவழக்குக்கு நான் பரிந்துரைப்பது ‘இசைத்தட்டு முன்பெருக்கி’. கேட்ட மாத்திரத்தில் எந்தக் கருவி என்று விளங்கும். ‘ஒலிபெருக்கி’ என்று சுருக்கவே கூடாது. சொல்லமைப்பின்படி ஆம்ப்ளிஃபயருக்கே உரிய அந்தப் பெயர் தமிழில் ஸ்பீக்கருக்கு என்று உறுதிப்பட்டுவிட்டது.

இரண்டு முன்பெருக்கிகளை ஒப்பிடும்போதும் இந்த இரட்டை வேலையை நினைவில் வையுங்கள். பெருக்கம் உங்கள் கார்ட்ரிட்ஜுக்குப் போதுமா என்பது முதல் கேள்வி. ஆர்ஐஏஏ வளைவிலிருந்து எத்தனை டெசிபெல் விலகுகிறது என்பதைப் பலர் பார்ப்பதே இல்லை. ஒன்று கதகதப்பாகவும் மற்றொன்று கூர்மையாகவும் கேட்பதற்குப் பலமுறை அந்த விலகலே காரணம். எம்எம் கார்ட்ரிட்ஜுக்கு உள்ளீட்டு மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) 47 கிலோஓம் இருப்பது வழக்கம். அத்துடன் மின்தேக்குத்திறனும் (கெபாசிட்டன்ஸ்) பொருந்த வேண்டும். கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கையான டோனார்மின் கம்பியும் கேபிளும் அதில் தம் பங்கைச் சேர்க்கின்றன, அளவு மிகுந்தால் உயர்ந்த சுரங்களின் சமநிலை மாறும். எம்சி வகைக்கு இரைச்சல் அளவே எல்லாவற்றிலும் முக்கியம். ஆயிரம் மடங்கு பெருகும்போது முன்பெருக்கியின் சொந்த இரைச்சலும் கூடவே பெருகும்.

வாங்கும்போது தடுமாற வைக்கும் இன்னொரு ‘போனோ’வும் உண்டு. பிரிட்டனில் ஆடியோ கருவிகளை இணைக்கும் ஆர்சிஏ செருகியையே போனோ பிளக் என்பார்கள். சிடி பிளேயரின் விவரக்குறிப்பில் ‘போனோ அவுட்’ என்று கண்டால் அது செருகியின் வடிவத்தை மட்டும் குறிக்கிறது. அதிலிருந்து வருவது 2 வோல்ட் வரைக்குமான சமிக்ஞை. அதை ஆம்ப்ளிஃபயரின் போனோ வாயிலில் கொடுக்கக் கூடாது, சிடி அல்லது ஆக்ஸ் என்று எழுதிய வாயிலில்தான் கொடுக்க வேண்டும்.