ஆலோசனை நிறுவனத்தை அழைக்கும் முன்

தொழில் ஆலோசனை நிறுவனங்களைத் தேடி வருபவர்களில் பலர் கேட்பது, "விற்பனையை எப்படிக் கூட்டுவது?" என்றுதான். இந்தத் துறையில் இருப்பதால் சொல்கிறேன்: நல்ல ஆலோசகர் முதலில் பார்ப்பது விற்பனையை அல்ல. லாபம் யாரிடமிருந்து வருகிறது என்பதைத்தான்.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பாருங்கள். உங்களுடைய மிகப் பெரிய வாடிக்கையாளருக்கு 100-க்கு விற்கிறீர்கள். சரக்கின் அடக்கம் 78. கணக்குப் புத்தகம் 22 லாபம் என்று காட்டும். ஆனால் அவர் ஆர்டரைத் துண்டு துண்டாகத் தருகிறார், எல்லாமே அவசரம். வண்டிச் செலவு 9. திரும்பி வரும் சரக்கில் போவது 5. 90 நாள் கடனுக்கு வட்டி 3. அவருடைய புகார்களைக் கவனிக்கும் ஊழியரின் சம்பளத்தில் அவர் பங்கு 6. கூட்டினால் 23. ஆக, எல்லோரும் விழுந்து விழுந்து கவனிக்கும் வாடிக்கையாளரால் 1 நட்டம்! இவையெல்லாம் பொதுச் செலவில் கரைந்துவிடுவதால் யார் கண்ணிலும் படுவதில்லை. வாடிக்கையாளர்வாரியாகப் பிரித்துக் காட்டியதும் பேச்சு மாறும்: குறைந்தபட்ச ஆர்டர் வைக்கலாமா, அவசர டெலிவரிக்குத் தனிக் கட்டணம் வாங்கலாமா, கடன் நாட்களைக் குறைக்கலாமா என்று. இதில் மிச்சமாகும் பணமும் ஆட்களும்தான் அடுத்த முயற்சிக்கு மூலதனம்.

பாஸ்டன் கன்சல்டிங் குரூப் என்ற ஆலோசனை நிறுவனத்தின் நிறுவனர் புரூஸ் ஹெண்டர்சன் 1970-ல் பரப்பிய நான்கு கட்டப் படத்தை இன்றும் பல ஆலோசகர்கள் காட்டுவார்கள். சந்தை வளர்ச்சி, சந்தைப் பங்கு இரண்டையும் வைத்து, எந்தப் பிரிவில் பணம் போடலாம் என்று சொல்லும் படம் அது. பயனுள்ளதுதான். ஆனால் சந்தையின் எல்லையை எங்கே வரைகிறோம் என்பதைப் பொறுத்து விடையே தலைகீழாகிவிடும். மொத்தக் காலணிச் சந்தையில் ஓரத்தில் இருக்கும் நிறுவனம், தொழிற்சாலைப் பாதுகாப்புக் காலணியில் முதலிடத்தில் இருக்கலாம். அந்த எல்லையை யார், எதை வைத்து முடிவு செய்தார்கள் என்று கேளுங்கள்.

புதுமை விஷயத்தில் யோசனைக்குப் பஞ்சம் வருவதை நான் அதிகம் பார்த்ததில்லை. கோடாக்கின் பொறியாளர் ஸ்டீவ் சாசன் 1975-லேயே டிஜிட்டல் கேமராவைச் செய்து காட்டிவிட்டார். ஆனாலும் அந்த நிறுவனம் 2012-ல் நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்பு கேட்டது. அதே ஃபிலிம் தொழிலில் இருந்த ஃபுஜிஃபிலிம், தன் வேதியியல் அறிவை எல்சிடி திரைக்கான படலங்களுக்கும் சருமப் பராமரிப்புப் பொருட்களுக்கும் கொண்டுபோனது. வெளியிலிருந்து வருபவர் உதவக்கூடிய இடம் இதுதான்: உள்ளே இருக்கும் திறமை வேறு எதற்குப் பயன்படும் என்று தேடுவது, அப்புறம் அதைச் சின்ன அளவில் சோதிப்பது. ஆட்கள் வாங்குவார்களா என்பதைச் சில வாரங்களில் தெரிந்துகொள்ளலாம். குறைந்தது எத்தனை பேர் வாங்காவிட்டால் நிறுத்திவிடுவோம் என்பதைத் தொடங்கும் முன்பே எழுதிவைக்க வேண்டும். தொடங்கிய பிறகு நிறுத்த யாருக்கும் மனம் வராது.

சரி, ஒப்பந்தம் போடும்போது என்ன கவனிக்க வேண்டும்? ஆலோசனையை விற்க வந்த மூத்த ஆலோசகர்தான் வேலையையும் செய்வாரா என்று கேட்டு, அவர் பெயரை ஒப்பந்தத்தில் போட்டு வாங்குங்கள். உங்கள் ஊழியர் ஒருவர் முதல் நாளிலிருந்து அந்தக் குழுவில் இருக்கட்டும். அறிக்கையோடு நின்றுவிடாமல், சூத்திரங்களோடு கூடிய கணக்குக் கோப்புகளையும் கேட்டு வாங்குங்கள். அடுத்த வருடம் விலை மாறும்போது அந்த ஊழியரே எண்ணை மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.